பதினோரடிக்குப் பால்சோறு

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரன் ஆறடி ஐந்து அங்குலம். பாலக்கோட்டில் அவரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் ஐந்தடிகூட இல்லை. ‘ஏணி வெச்சுத்தான் சண்டை போடுவியா யுவராணி’ என்று கேட்காத ஆள் எங்கள் தக்காளி மார்க்கெட்டில் கிடையாது. கேட்டவன் கொண்டுவந்த சரக்கை அன்றைக்குக் கடைசியாகத்தான் ஏலம் விடுவேன். வெயிலில் கொஞ்சம் வாடட்டும்.

மண்டி என் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். விடிவதற்குள் டிராக்டரும் டெம்போவும் வந்து நிற்கும். கிரேட்டுகளை இறக்கி, கூவி ஏலம் விட்டு, லாரி ஏற்றி அனுப்புவதற்குள் தொண்டை போய்விடும். அதனால் எனக்கு மெதுவாகப் பேச வராது. எழுதும்போதும் வராது என்று இப்போதுதான் தெரிகிறது.

இவர் மாரண்டஅள்ளிப் பக்கம் கேழ்வரகு விதைக்கிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் டியூப் லைட் மாற்ற வேண்டுமென்றால் ஏணி தேட மாட்டார்களாம், மாதேசனைத் தேடுவார்களாம். அப்படி லைட் மாற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்துத்தான் ஒரு பி.டி. வாத்தியார் சென்னை விளையாட்டு விடுதிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். பிறகு ஒரு வங்கி அணி, தமிழ்நாட்டு அணி, இந்திய அணி. வங்கியில் பெயருக்கு வேலை, உண்மையில் கூடைப்பந்துதான். சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து விளையாடலாம் என்ற விஷயமே எங்கள் ஊருக்கு இவரால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் பாதிப் பேர் நம்பவில்லை.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு திமிர். எதிரணிக்காரன் தள்ளிவிட்டால், கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் கூடையில் பந்து போட ஒரு வாய்ப்பு தருவார்கள். ஃப்ரீ த்ரோ என்று பெயர். எல்லாரும் குறி பார்த்துப் போடுவார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். விழும். அந்தப் போட்டோ ஒருநாள் பேப்பரில் வந்தது. கண்ணை மூடி, கையைத் தூக்கி நிற்கிறார். என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் சாமி கும்பிடுகிற பையன், இவனுக்குத்தான் பெண் என்று முடிவு கட்டிவிட்டார். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துத்தான் அது சாமி கும்பிடுவதில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்தது. அதற்குள் மாப்பிள்ளையைப் பிடித்துப்போய்விட்டது.

பிறகு பெங்களூரில் யாரோ பணக்காரர்கள் கூடி ஒரு லீக் ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். எனக்கு ஏலம் தெரியும். எங்கள் மண்டியில் தக்காளியை அமுக்கிப் பார்க்காமல் எவனும் விலை சொல்ல மாட்டான். அந்த ஏலத்தில் இவருடைய முட்டியை ஒருத்தரும் அமுக்கிப் பார்க்கவில்லை. இரண்டாவது சீசனில் முட்டி போயிற்று, மூன்றாவது சீசனில் தோள்பட்டை, அதற்கடுத்து லீக்கே போயிற்று. ஆபரேஷன் பண்ணிய முட்டியோடும் நெற்றி வரை நரைத்த தலையோடும் ஊருக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் சும்மா இருக்கக்கூடாதென்று மண்டிக்கு வந்தார். அந்த ஒரு மாதத்தை நான் மறக்க மாட்டேன். தகரக் கூரையில் தினமும் தலையை இடித்துக்கொள்வார். விவசாயிகள் சரக்கை விட்டுவிட்டு இவரோடு செல்ஃபி எடுப்பார்கள். பழத்தைத் தரம் பிரிக்கச் சொன்னால் இருந்த இடத்திலிருந்தே தூக்கிப் போடுவார். ஒன்றுகூடக் குறி தப்பாமல் கிரேட்டில்தான் விழும். ஆனால் விழுந்தது பழமாக இருக்காது, சட்னியாக இருக்கும். ஐயா சாமி, இவரை வேறு எங்காவது அனுப்பு என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

அந்த வேண்டுதல் பலித்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடி, மார்க்கெட்டுக்குப் பின்னால் கிடந்த காலி இடத்தில் அவர் பேரில் ஒரு கூடைப்பந்து மைதானம் போட முடிவு செய்தார்கள். கட்டும் பொறுப்பை மாயவன் மேஸ்திரியிடம் விட்டார்கள். பாலக்கோட்டில் பாதி வீடு அவர் கட்டியது. பெண்கள் பள்ளிப் பி.டி. வாத்தியார் அவரிடம் எல்லா அளவும் சொன்னார்: கூடை மாட்டுகிற இரும்பு வளையம் தரையிலிருந்து பத்தடி இருக்க வேண்டும், கோடு இங்கே, பலகை அங்கே என்று. மேஸ்திரி தலையாட்டினார். அவர் கட்டியதை அளந்து பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அளவு நாடாவை எடுத்தால் மூன்று தலைமுறைக்கு உன் வூட்டுக்கு வேலைக்கு வர மாட்டேன் என்பார்.

திறப்பு விழாவுக்கு மார்க்கெட்டே திரண்டது. ரிப்பன் வெட்டி, பொன்னாடை போர்த்தி, கடைசியில் கோட்டில் நிற்க வைத்தார்கள். ‘அண்ணா, கண்ண மூடிப் போடுங்கண்ணா’ என்று ஒரே கத்தல். இவரும் கண்ணை மூடினார், போட்டார். பந்து வளையத்தைத் தொடவே இல்லை. ஒரு அடி கீழே, வலைக்கு முன்னாலேயே விழுந்தது. கூட்டம் சிரித்தது; சும்மா விளையாட்டுக்குப் பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். மறுபடி போட்டார். எட்டவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போட்டார். வளையத்தின் முன்பக்கத்தில் இடித்துத் திரும்பி அவர் காலடிக்கே வந்தது. அதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எவனோ அதை வீடியோ எடுத்து, ‘கண்ணத் தொறந்தாலும் அதே கதிதான்’ என்று எழுதி ஊர் முழுக்க அனுப்பினான். அவன் பேர் எனக்குத் தெரியும். அவனுடைய தக்காளி இன்றைக்கும் கடைசி ஏலம்தான்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு வளையம் உயரமாக இருப்பது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிற்பாடு கேட்டேன். மனுஷனுக்கு அப்போதுதான் தோள் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த முட்டியோடு எகிறிக் குதித்து வளையத்தைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. சுற்றிலும் வெட்டவெளி, தள்ளி ஒரு காம்பவுண்டுச் சுவர் தவிர, பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒன்றுமே இல்லை. ‘இருவத்தஞ்சு வருசமா போட்டது வுழலன்னா, கையத்தான் சந்தேகப்படத் தோணும் ராணி. இரும்பையா சந்தேகப்படுவாங்க’ என்றார். நானாக இருந்தால் முதலில் இரும்பைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அப்புறம் இரும்பைப் போட்டவனை.

ஆனாலும் பயிற்சியாளர் வேலையை ஒப்புக்கொண்டார். அரசு பெண்கள் பள்ளியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். அதில் பிரியதர்ஷினி என்று ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, கேப்டன். கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். தினமும் சாயங்காலம் பயிற்சி. ஓடுவது, தட்டிக்கொண்டு போவது, கைமாற்றுவது எல்லாம் பிரமாதமாகச் சொல்லிக் கொடுத்தார். பந்து போடுவதை மட்டும் வாயால் சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவைகூடத் தன் கையால் போட்டுக் காட்டவில்லை. பிரியதர்ஷினி மூன்று முறை கேட்டாள், சார் நீங்க போட்டுக் காமிங்க என்று. தோள் வலி என்று மூன்று முறையும் சொல்லிவிட்டார்.

பெண்கள் போட்டதும் எட்டவில்லை. இன்னும் தூக்கிப் போடு, முட்டியை மடக்கிப் போடு, காலையில் கேழ்வரகுக் களி தின்றுவிட்டு வா என்று விரட்டுவார். அதுகளும் சளைக்கவில்லை. ஆறேழு மாதத்தில் கை இரும்பாகிவிட்டது. பந்து வானத்துக்குப் போய் வந்து வளையத்தில் விழ ஆரம்பித்தது. எப்போதாவது ஒன்று விழும். விழுந்தால் மைதானமே கத்தும்.

ஒருநாள் காலையில் மைதானத்து வாசலில் இருக்கும் நஞ்சப்பன் கடைக்கு டீக்குப் போனேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. உள்ளே பந்துச் சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் தனியாக நின்று போட்டுக்கொண்டிருக்கிறார். எட்டவில்லை. நொண்டிக்கொண்டே போய் எடுத்து வந்து மறுபடி போடுகிறார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. தினமும் வருகிறார், யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறார், நீ பெண்டாட்டியாச்சே என்று சொல்கிறேன் என்றார் நஞ்சப்பன். எனக்கு அழுகை வந்துவிட்டது. போய்க் கட்டிக்கொள்ளலாமா, நாலு திட்டுத் திட்டலாமா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு மண்டிக்கு வந்து, வந்தவனையெல்லாம் திட்டினேன்.

சேலத்தில் போட்டி. மண்டியை ஒருநாள் என் தம்பியிடம் விட்டுவிட்டு நானும் போனேன். போகிற வழியெல்லாம் பஸ்ஸில் பாட்டுதான். அங்கே இறங்கிப் பந்து போட்டுப் பழகும்போதே ஏதோ கோளாறு என்று எனக்குப் பட்டது. எங்கள் பெண்கள் போட்டதெல்லாம் கூடைக்கு மேலே தாண்டிப் போகிறது. பலகையில் தடார் தடாரென்று அடித்துத் திரும்புகிறது. ஒன்று பலகையையும் தாண்டிப் போய், பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அதிகாரியின் டீ டம்ளரைக் கவிழ்த்தது.

பிரியதர்ஷினி ஓடிவந்து, சார், இங்க வளையம் கீழ இருக்கற மாதிரி தெரியுதுங்க சார் என்றாள். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. போடத் தெரியாதவளுக்கு வளையத்து மேல சாக்கு என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. திரும்பிப் போய் மறுபடி அதே மாதிரி தூக்கிப் போட ஆரம்பித்தாள். இவருக்கும் அந்த வளையத்தைப் பார்த்ததும் குட்டையாகத்தான் தெரிந்ததாம். கண்ணும் போயிற்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். என்ன மனுஷன், சொல்லுங்கள்.

ஆட்டம் ஆரம்பித்த பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஓட்டத்தில் எங்கள் பெண்களைப் பிடிக்க முடியவில்லை. பந்தைப் பறிப்பார்கள், கொண்டுபோவார்கள், போடுவார்கள், தாண்டிவிடும். மறுபடி பறிப்பார்கள், மறுபடி தாண்டிவிடும். எதிரணி அறுபதைத் தாண்டியபோது நாங்கள் ஆறில் நின்றோம். இவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார். சாவு வீட்டில்கூட இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டில்லை. தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் வாயைத் திறந்தார்.

“என் கை மட்டும் போவல ராணி. என் கையில இருந்து அதுங்களுக்கும் ஒட்டிக்கிச்சு.”

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

“நாளைக்கே பள்ளிக்கூடத்துல சொல்லிடறன். பந்தையும் விசிலையும் குடுத்துட்டு மண்டிக்கு வந்துடறன்” என்றார்.

மண்டி என்றதும் எனக்கு எப்போதும் வரும் சிரிப்புகூட அன்றைக்கு வரவில்லை. பந்தில்லாமல் இந்த மனுஷனை எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. தகரக் கூரைக்கடியில் கழுத்தை மடக்கிக்கொண்டு மிச்ச ஆயுசையும் ஓட்டப்போகிறாரே என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சொன்னபடியே வந்துவிட்டார். ஏலம் முடிந்து நான் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். இவர் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தூக்கிப் போடவில்லை. ஒவ்வொன்றாகக் குனிந்து வைத்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை. அந்த நேரத்தில் மாயவன் மேஸ்திரி வந்தார், துக்கம் விசாரிக்க வருகிறவர் மாதிரி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு.

தோற்ற கதையைக் கேள்விப்பட்டாராம். ராத்திரி தூக்கமில்லையாம். தன் வேலையில் ஏதாவது குறையோ என்று யோசித்துப் பார்த்தாராம், ஒரு குறையும் தெரியவில்லையாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இவர் பக்கத்தில் குந்தினார்.

“தம்பி, நானும் மனையடி பாத்துத்தான் போட்டன். வாத்தியாரு பத்துன்னாரு. பத்து ஆடு மாடு பெருகற அளவுங்க, மாட்டுக் கொட்டாய்க்கு ஆவும். பொம்பளப் புள்ளைங்க வெளையாடற எடத்துக்கு அத வெக்க மனசு வருமா? பதினொண்ணுன்னா பால்சோறு திங்கற யோகம். அதனால பதினோரடியா ஒசத்தி வெச்சன். அப்படியும் வெளங்கலன்னா, பேசாம பதினாறா ஏத்திடலாமுங்களா?”

வீட்டு அறைக்கு மனையடி பார்ப்பார்கள், தெரியும். நீளம் இத்தனை அடி ஆகும், அகலம் இத்தனை அடி ஆகாது என்று. பந்து போடுகிற கம்பத்துக்கு உலகத்தில் எவனாவது மனையடி பார்ப்பானா? நல்லவேளை, தரையில் போடுகிற கோடுகளைப் பி.டி. வாத்தியார் தன் கையாலேயே போட்டார். இல்லாவிட்டால் அதற்கும் நாள் நட்சத்திரம் பார்த்திருப்பார்.

இவர் கையிலிருந்த தக்காளி கீழே விழுந்தது. எழுந்தார். தகரக் கூரைக் குழாயில் மடாரென்று தலை இடித்தது. அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த கிரேட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு நடந்தார். நானும் மேஸ்திரியும் பின்னாலேயே ஓடினோம்.

வளையத்துக்கு நேர் கீழே நின்று கையை உயர்த்தினார். பத்தடி வளையமென்றால் அவர் விரல் நுனிக்கும் அதற்கும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்குமாம். வாழ்நாள் பூராவும் அப்படி நின்று பார்த்தவர், கையைச் சந்தேகப்பட்ட பிறகு இந்த மைதானத்தில் மட்டும் அதைச் செய்யவேயில்லை. இப்போது அதற்கு மேல் இன்னும் ஒரு அடி தெரிந்தது. ஒரு அடி உயரமுள்ள கிரேட்டைப் போட்டு அதன் மேல் ஏறி மறுபடி கையை உயர்த்தினார். தரையில் நின்றாலே இருக்க வேண்டிய அந்த இடைவெளி அப்போதுதான் வந்தது. கையை இறக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கி, அந்தக் கிரேட்டின் மேலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

நான் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை. மாயவன் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக ஒரு மனுஷனை உயிரோடு புதைத்துவிட்டாயே, உன் பால்சோற்றில் இடி விழ, ஊர்ப் பிள்ளைகளைச் சேலத்தில் நிற்க வைத்து மானத்தை வாங்கினாயே என்று என் தொண்டைக்கு எட்டிய மட்டும் கத்தினேன். மார்க்கெட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள், ஏதோ அடிதடி என்று. மேஸ்திரிக்கு வயது அறுபதுக்கு மேல். அவர் எதிர்த்துப் பேசவில்லை. நல்லதுக்குத்தான் பாப்பா செஞ்சன், கெட்டது நெனச்சா என் கை அழுவிப் போவும் என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மறுநாளே வெல்டிங் மிஷினோடு வந்தார். பத்தடிதான் என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்தேகாலாவது வைக்கட்டுமா, வெறும் பத்து மாட்டுக் கணக்கில் வருகிறதே என்று கேட்டுப் பார்த்தார் மேஸ்திரி. நான் பார்த்த பார்வையில் பத்துக்கே இறக்கினார். இந்தத் தடவை அளவு நாடாவைப் பிடித்தது நான், ஸ்டூலின் மேல் ஏறி.

சங்கதி பரவி, திறப்பு விழாவைவிட அதிகக் கூட்டம். பெண்களும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய், பீரோ மேல் கிடந்த பந்தை எடுத்து வந்தேன். இந்தியாவுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்துப் பந்து. திறப்பு விழா முடிந்து வந்து அவர் மூலையில் வீசியதை நான்தான் எடுத்துப் பீரோ மேல் வைத்திருந்தேன்; அதற்குப் பிறகு அவர் தொடவேயில்லை. அதை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் கோட்டுப் பக்கம் போகவில்லை.

“என்னாங்க, போங்க” என்றேன்.

“வேணாம் ராணி.”

“இன்னும் என்ன? இரும்புதான் தப்புன்னு தெரிஞ்சு போச்சே.”

“அதான் பயமா இருக்குது” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. “நேத்து வரைக்கும் கை போச்சுன்னு தெரியும், பழகிட்டன். இப்ப போட்டு எட்டலன்னா, சாக்கு சொல்ல ஒண்ணுமே இல்ல.”

ஆறடி ஐந்து அங்குலம். ஒரு லட்சம் பேர் கத்தினாலும் கண்ணை மூடிக்கொண்டு போட்ட மனுஷன். இப்போது பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் வந்தது, அதைச் சொல்லத் தெரியாமல் கோபமாக வந்தது.

“இங்க பாருங்க. வுழுந்தா வுழுது, வுழாட்டிப் போவுது. கை போயிருந்தா வாயால சொல்லிக் குடுங்க, எவ கேக்கறா? ஆனா என் மண்டிக்கு மட்டும் வந்துடாதீங்க. நேத்து நீங்க குனிஞ்சு குனிஞ்சு பழம் அடுக்குனத இன்னொரு தரம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

என்னைக் குனிந்து பார்த்தார். சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. பிறகு நொண்டிக்கொண்டே போய்க் கோட்டில் நின்றார். பந்தைத் தரையில் தட்டினார். கூட்டம் அடங்கிவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே போட்டுத் தொலையக் கூடாதா என்று நான் பல்லைக் கடித்தேன். எங்கே கேட்கிறார்? கண்ணை மூடினார், போட்டார்.

பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. கூடையில் இறங்காமல் மேலே தாண்டிப் போய், பலகையின் மேல் விளிம்பில் தடாரென்று அடித்து, எகிறி, காம்பவுண்டுச் சுவரையும் தாண்டிப் போயிற்று.

கூட்டம் மொத்தமும் ‘ச்சே’ என்றது. நஞ்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

இவர் கண்ணைத் திறந்தார். பந்து எங்கே என்று பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு அந்த ஆபரேஷன் பண்ணிய முட்டியோடு எகிறிக் குதித்தார்.

“ராணி! தாண்டிடுச்சு! ராணி, தாண்டிடுச்சு!”

இந்த ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பக்கத்தில் எவனோ சொன்னான். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் பளிச்சென்று புரிந்தது. எட்டாமல் விழவில்லை. தாண்டிப் போயிருக்கிறது. செத்துப்போயிற்று என்று அவர் நினைத்த கை, ஒரு வருஷம் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் பதினோரடிக்குத் தூக்கிப் போட்டுப் போட்டு, இப்போது பத்தடிக்கு அடங்காமல் திமிறுகிறது. இரவல் சதைபோலத் தொங்கிய தோளில் அவ்வளவு பலம் ஏறிக் கிடந்திருக்கிறது.

பிரியதர்ஷினிக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்துவிட்டது. “சார், சேலத்துல எங்களுதும் இதாங்க சார்!” என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள். இவர் அவள் முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

“நீதான் கண்ணு மொதல்ல சொன்ன. நான்தான் கேக்கல. தப்பு என்னுதுதான்.”

அவள் வெட்கப்பட்டுப்போய், பரவால்லீங்க சார், இப்பவாவது போட்டுக் காமிங்க என்றாள். கூட்டத்திலிருந்து மாயவன் மேஸ்திரியின் குரல் கேட்டது, பதினொண்ணு வெச்சதாலதான இவ்ளோ தெம்பு, நான் சொன்னா யாரு கேக்கறீங்க என்று. நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு அவரைத் திட்ட மனசு வரவில்லை.

“இன்னொரு பந்து குடுங்க” என்று இவர் கேட்டது காதில் விழுந்தது. யாரோ தூக்கிப் போட்டார்கள். மறுபடி கோட்டில் போய் நின்றார், அத்தனை பேர் முன்னாலும்.

அந்த இரண்டாவது பந்து விழுந்ததா இல்லையா என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். நான் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், என் மண்டிச் சரக்கை ஏற்றிக்கொண்டு அன்றைக்குத் தாமதமாகக் கிளம்பிய லாரியின் கிரேட்டுகளுக்கு நடுவில் இந்தியாவுக்காக ஆடிய பந்து உட்கார்ந்துகொண்டு, ஓசூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அழுதுகொண்டே, லாரிக்காரனைக் கத்திக் கூப்பிட்டபடி பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.